ஹௌரா பாலம் எதன்மேல் நிற்கிறது?

சென்ற மார்கழியில் என் பெற்றோர் காசி யாத்திரைக்குச் செல்லும் வழியில் என்னைக் காண வந்தனர். திருச்சி வண்டி ஹௌராவை அடைந்தபோது இன்னும் விடியவில்லை. வெளிச்சம் வரும்வரை நிலையத்திலேயே காத்திருந்துவிட்டுப் பின்னர் மூட்டை முடிச்சுகளுடன் வெளியே வந்தோம். பனிமூட்டத்தினூடே பாலம் தெரிந்தது. நம்மில் பெரும்பாலோர்க்கு இந்நகரம் முதன்முதல் காட்டிய முகம் அதுதானே!

என் தந்தையார் பொன்மலை ரயில்வேப் பணிமனையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்றவர். வேகன்களுக்கு ரிவிட்டு அடிப்பதும் பழுது பார்ப்பதும் அவர் தொழில். பாலத்தின் நடைபாதையில் சிறிது தூரம் நடந்ததும் நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆற்றை எட்டிப் பார்த்தார்.

"தம்பி, நம்ம கொள்ளிடத்துப் பழைய இரும்புப் பாலத்துக்கு ஆத்துக்குள்ளே வரிசையாத் தூண் இருந்துச்சு. 2018 வெள்ளத்திலே தூண் சாஞ்சுதானே அது போச்சு! இதுக்கு நடுவிலே ஒரு தூணையும் காணோமே. இது எதன்மேலே நிக்குது?" என்று கேட்டார்.

நான் எம்.எஸ்ஸி. பௌதிக மாணவன். உடனே விடை சொன்னேன். "இது பேலன்ஸ்டு கேன்டிலீவர் டிரஸ், அப்பா. நடுவில் ஸஸ்பெண்டட் ஸ்பான் இருக்கிறது. ஆங்கர் ஆர்ம்..." என்று அடுக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "சரிதான்" என்று கூறிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தார்.

அந்தச் "சரிதான்" என் நெஞ்சில் தைத்தது. இரும்போடு வாழ்நாளைக் கழித்த ஒருவருக்கு இரும்பைப் பற்றி என்னால் விளக்க இயலவில்லை. குற்றம் அவருடையதன்று. சொற்கள் எனக்குத் தெரிந்திருந்தன. பொருள் தெளிவாகத் தெரிந்திருக்கவில்லை. அதன் பின்னர் சில மாதங்கள் நூல்நிலையத்திலும் பாலத்தடியிலும் செலவிட்டேன். அன்று சொல்லத் தவறிய விடையே இக்கட்டுரை.

மிதவைப் பாலம்

இன்றைய பாலத்திற்கு முன்பு, 1874 முதல் இங்கே இருந்தது ஒரு மிதவைப் பாலம். சர் பிராட்போர்டு லெஸ்லி என்ற பொறியாளர் அமைத்தது. நீளம் 1,528 அடி. இரும்பு மிதவைகள் ஆற்றில் வரிசையாக நிற்க, அவற்றின்மேல் பாதை. கப்பல் வந்தால் நடுவே 200 அடிப் பகுதியைக் கழற்றி விலக்கி வழிவிடுவார்கள். கரையில் மாட்டு வண்டிகளும் மக்களும் காத்துக் கிடக்க வேண்டியதுதான். திருச்சியில் பிறந்த சர் சி. வி. இராமன் 1907இல் இந்நகருக்கு வேலை ஏற்று வந்தபோது இருந்த ஹௌராப் பாலம் இந்த மிதவைப் பாலமே.

ஆற்றுக்குள் தூண் நாட்டி நிலையான பாலம் கட்டியிருக்கலாமே என்று கேட்கலாம். ஹூக்ளி சாதாரண ஆறன்று. அன்றைய கல்கத்தாத் துறைமுகத்தின் உயிர்நாடி. வண்டல் மிகுந்தது, கடல் ஏற்றம் உள்ளே புகுந்து அலைச்சுவராக ஏறி வருவதும் உண்டு. இத்தகைய ஆற்றில் தூண்களை நிறுத்தினால், அவற்றைச் சுற்றி நீரோட்டம் மாறி மணல்மேடு சேரும். கப்பல் வழி தூர்ந்துவிடும் என்று அஞ்சினார்கள்.

ஆகவே, கரைக்குக் கரை ஒரே தாவலாகத் தாவும் பாலமே வேண்டும் என்று முடிவாயிற்று. சர் ராஜேந்திரநாத் முகர்ஜியின் தலைமையில் அமைந்த குழு இதை ஆராய்ந்தது. 1926இல் புதிய ஹௌராப் பாலச் சட்டம் நிறைவேறியது. ரெண்டல், பாமர், டிரிட்டன் என்ற ஆங்கிலப் பொறியியல் நிறுவனம் வரைபடம் தந்தது. 1936இல் வேலை தொடங்கிற்று. ஆற்றின் குறுக்கே தாண்ட வேண்டிய தூரம் 1,500 அடி. கட்டிய காலத்தில் இவ்வகைப் பாலங்களுள் உலகிலேயே மூன்றாவது பெரியது இது.

முக்கோணத்தின் பிடிவாதம்

பாலத்தை நிமிர்ந்து பார்த்தால் எங்கும் முக்கோணங்களே தெரியும். அழகுக்காக வைத்தவை அல்ல அவை. நான்கு மூங்கில் துண்டுகளை மூலைக்கு ஓர் ஆணி வீதம் அடித்துச் சதுரமாக்குங்கள். ஒரு மூலையை அழுத்தினால் அது சாய்ந்து போகும். மூங்கில் ஒன்றுகூட ஒடியாது. ஆனால் வடிவம் குலைந்துவிடும். மூன்று துண்டுகளால் முக்கோணம் செய்து அழுத்துங்கள். மூங்கிலோ ஆணியோ முறிந்தாலன்றி அது வடிவம் மாறாது. நம் ஊர் மரக்கதவின் பின்புறம் குறுக்காக ஒரு சட்டம் அடிக்கும் தச்சருக்கு இவ்வுண்மை தெரியும். சதுரத்தை இரு முக்கோணங்களாக ஆக்கிவிடுகிறார் அவர்.

இப்படி முக்கோணங்களைக் கோத்துச் செய்த சட்டமே டிரஸ் என்பது. இதில் ஒவ்வோர் உறுப்பும் பெரும்பாலும் இரண்டில் ஒரு வேலையையே செய்கிறது: ஒன்று, இழுபடுகிறது; அல்லது அமுக்கப்படுகிறது. பாரத்தைச் சுமக்க முழு இரும்புச் சுவர் தேவையில்லை. விசை செல்லும் வழிகளில் மட்டும் இரும்பை வைத்து, மற்ற இடத்தைக் காற்றுக்கு விட்டுவிடலாம்.

இரு நாற்காலிகளும் ஒரு பலகையும்

முக்கோணம் வடிவத்தைக் காக்கும். ஆனால் 1,500 அடியை எப்படித் தாண்டுவது? இதற்கு ஸ்காட்லாந்தின் ஃபோர்த் பாலத்தைக் கட்டிய சர் பெஞ்சமின் பேக்கர் 1887இல் ஒரு செயல் விளக்கம் காட்டினார். அதனையே எங்கள் விடுதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் செய்து பார்த்தோம்.

இரண்டு நாற்காலிகளைச் சற்றுத் தள்ளிப் போட்டு, இரு நண்பர்கள் அமர்ந்து கைகளைப் பக்கவாட்டில் நீட்டினர். ஒவ்வொரு கையும் ஒரு தடியின் நுனியைப் பிடித்திருந்தது. தடியின் மறுமுனை நாற்காலியின் அடியில் முட்டுக் கொடுத்தது. உள்பக்கக் கைகளுக்கு இடையே ஒரு பலகையைத் தொங்கவிட்டோம். வெளிப்பக்கக் கைகளில் கயிறு கட்டிச் செங்கற்களைத் தொங்கவிட்டோம். பின்னர் முதலாண்டு மாணவர் ஒருவரைப் பலகையில் உட்காரச் சொன்னோம்.

அவர் உட்கார்ந்தார், மறுகணம் தரையில் கிடந்தார். வெளிப்பக்கச் செங்கற்கள் மேலே எழும்ப, நண்பர்கள் இருவரும் உள்நோக்கிக் கவிழ்ந்துவிட்டனர். சிரிப்பு அடங்கியதும் பிழை எதுவென்று ஆராய்ந்தோம். நாற்காலி முறியவில்லை, தடி முறியவில்லை, கையும் நழுவவில்லை. வெளிப்பக்கப் பாரம் போதவில்லை, அவ்வளவே. செங்கற்களோடு தண்ணீர் நிரம்பிய வாளிகளையும் சேர்த்தோம். இம்முறை அவர் பலகையில் அமர்ந்து தேநீரே அருந்தினார்.

ஹௌராப் பாலம் இதுதான். நாற்காலியில் அமர்ந்த இருவர், இரு கரையிலும் 280 அடி உயர்ந்து நிற்கும் கோபுரங்கள். ஆற்றை நோக்கி நீண்ட கைகள் ஒவ்வொன்றும் 468 அடி. இவற்றை நெடுங்கை எனலாம். அவ்விரு நெடுங்கைகளின் நுனியில் தாங்கி நிற்கும் நடுப்பகுதியே பலகை. அதன் நீளம் 564 அடி. கூட்டிப் பார்த்தால் 1,500 அடி சரியாக வரும். கரைப்பக்கம் நீண்ட கைகள் ஒவ்வொன்றும் 325 அடி. இவற்றை நங்கூரக் கை என்போம். கை இழுபடுகிறது, தடி அமுக்கப்படுகிறது. பாலத்தின் மேல்விளிம்பும் கீழ்விளிம்பும் நெடுங்கையில் செய்யும் வேலை அதுவே.

ஒரு சிறு கணக்கு

செங்கல்லும் வாளியும் எங்கே என்பதே இனிக் கேள்வி. பாலம் எங்கும் ஓர் அடிக்கு ஒரே எடை உள்ளது என எளிமைக்காகக் கொள்வோம். உண்மையில் அப்படி இல்லை. எனினும் கணக்கின் போக்கு விளங்கும்.

ஒரு கோபுரத்தை மையமாகக் கொண்டு நெம்புகோல் கணக்குப் போடுவோம். ஆற்றுப் பக்கம் இரண்டு பாரங்கள். நெடுங்கையின் சொந்த எடை 468 அடிக்குரியது. அது 234 அடித் தொலைவில் செயற்படுகிறது. நடுப்பகுதியில் பாதியான 282 அடியின் எடை நுனியில், 468 அடித் தொலைவில் செயற்படுகிறது. பெருக்கிக் கூட்டினால் 2,41,488. கரைப்பக்கம் நங்கூரக் கையின் எடை 325 அடிக்குரியது. அது 162½ அடித் தொலைவில். பெருக்கினால் ஏறத்தாழ 52,800 மட்டுமே.

தராசு ஆற்றுப் பக்கம் பெரிதும் சாய்கிறது. சமன் செய்ய, நங்கூரக் கையின் முனையை ஏதோ ஒன்று கீழே பிடித்து இழுக்க வேண்டும். எவ்வளவு? மீதியை 325ஆல் வகுத்தால், ஏறத்தாழ 580 அடிப் பாலத்தின் எடை. நடுவில் தொங்கும் பகுதியின் மொத்த நீளமே 564 அடிதான்! அதாவது, நடுப்பகுதி முழுவதையும்விடச் சற்று அதிகமான பாரத்தை ஒவ்வொரு கரையும் தனித்தனியே கீழ்நோக்கிப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும் என்று இந்த எளிய கணக்குச் சொல்கிறது. அந்தப் பிடி இரு கரையிலும் மண்ணுக்குள் புதைந்த நங்கூர அடித்தளங்களில் உள்ளது. நம் விடுதியில் வாளி; அங்கே நிலம்.

ஈர்க்குச்சியும் கியூபெக் பாலமும்

இவ்வகைப் பாலம் எளிதில் கைகூடிவிடவில்லை. கனடாவில் கியூபெக் நகருக்கருகே 1,800 அடித் தாவலுடன் ஒரு பாலம் கட்டினார்கள். 1907 ஆகஸ்டு 29 அன்று, வேலை முடியுமுன்பே அதன் தெற்குப் பகுதி ஆற்றில் சரிந்தது. 75 தொழிலாளர் மாண்டனர். தாவலின் நீளத்தை முதலில் எண்ணியதைவிடக் கூட்டிய பின்னரும், பாலத்தின் சொந்த எடையைச் சரியாக மறுகணக்கிடவில்லை. கீழ்விளிம்பில் அமுக்கப்படும் உறுப்புகள் நெளியத் தொடங்கியதைக் கண்டும் வேலை நிறுத்தப்படவில்லை. மீண்டும் கட்டியபோது, 1916இல் நடுப்பகுதியை உயர்த்தும் வேளையில் அது நழுவி விழுந்து மேலும் 13 பேர் இறந்தனர். அடுத்த ஆண்டே பாலம் முடிந்தது.

இழுபட்ட உறுப்பு தாங்கியது; அமுக்கப்பட்ட உறுப்பு ஏன் தோற்றது? துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்குச்சியை எடுத்து இரு நுனிகளையும் பிடித்து இழுத்துப் பாருங்கள், எளிதில் அறாது. அதே குச்சியை இரு முனையிலிருந்தும் அமுக்குங்கள். உடனே வில்லாக வளையும். இனி அதைப் பாதியாக ஒடித்து அமுக்குங்கள். வளைக்க நான்கு மடங்கு விசை வேண்டும். நீளம் பாதியானால் வலிமை நான்கு மடங்கு என்பது பதினெட்டாம் நூற்றாண்டிலேயே ஆய்லர் என்ற கணித மேதை கண்ட விதி. பெரும் பாலங்களில் அமுக்கப்படும் உறுப்புகளைக் குறுக்குச் சட்டங்களால் இடையிடையே கட்டி, குறுகிய துண்டுகளாக்கி வைத்திருப்பது இதற்காகவே. பார்ப்பவருக்கு வெறும் பின்னல் வேலை. பாலத்துக்கோ அது உயிர்.

மண்ணுக்குள்ளே

கோபுரங்களுக்கு அடித்தளம் இடுவதே பெருவேலையாயிற்று. இங்கே பாறை இல்லை. தோண்டத் தோண்ட வண்டலும் மணலுமே. நம் ஊரில் கிணற்று உறை இறக்குவதைப் பார்த்திருப்பீர்கள். உறையின் உள்ளே மண்ணை வாரி எடுக்க, உறை தன் எடையாலேயே கீழே இறங்கும். முறை அதுவே, அளவுதான் வேறு. ஒவ்வோர் அடித்தளமும் 181½ அடி நீளம், 81½ அடி அகலம். அதற்குள் 21 கிணறுகள். நாளொன்றுக்கு ஓரடி வீதம் இரவு பகலாக இறக்கினர். ஹௌராக் கரையில் சுமார் 87 அடி, கல்கத்தாக் கரையில் சுமார் 103 அடி ஆழத்தில் கெட்டியான களிமண்ணில் அவை அமர்ந்தன. கல்கத்தாக் கரையில் மணல் ஊற்றெடுத்து ஓடியதால், அழுத்தமிக்க காற்றை உள்ளே செலுத்தி நீரைத் தடுத்து நிறுத்தி, அக்காற்றறைக்குள் மனிதர் இறங்கி வேலை செய்தனர்.

வாரிய சேற்றில் பழைய நங்கூரங்களும் பீரங்கிக் குண்டுகளும் கம்பெனிக் காலத்து நாணயங்களும் கிடைத்தனவாம். ஓரிரவு அடிமண் திடீரென இளகி, அடித்தளம் முழுவதும் இரண்டடி கீழே இறங்கிற்று என்றும், அந்த அதிர்வை நில அதிர்வுக் கருவி பூகம்பமாகவே பதிவு செய்தது என்றும் கூறுவர்.

எஃகும் ரிவிட்டும்

மொத்தம் 26,500 டன் எஃகு. அதில் 23,000 டன் ஜாம்ஷெட்பூர் டாட்டா ஆலையில் உருவானது. போர்க்காலத்தில் இங்கிலாந்து தன் எஃகைத் தனக்கே வைத்துக்கொள்ள நேர்ந்தபோது, இந்நாட்டு உலைகள் அந்த உயர்வலிமை எஃகைத் தந்தன.

இரு கரையிலிருந்தும் கோபுரங்களை எழுப்பி, மேல்விளிம்பின்மீது ஊர்ந்து செல்லும் பாரந்தூக்கிகளால் உறுப்பு உறுப்பாகச் சேர்த்துக்கொண்டே ஆற்றின் நடுவை நோக்கி நீண்டனர். கீழே சாரம் இல்லை. அதுவரை கட்டி முடித்த பகுதியே அடுத்த பகுதிக்குச் சாரம். இரு பாதிகளையும் நடுவில் இணைக்க, ஒவ்வொன்றும் 800 டன் தள்ளவல்ல 16 நீரழுத்த ஜாக்கிகள் பயன்பட்டன.

உறுப்புகளை இணைத்தது ரிவிட்டு. செக்கச் சிவக்கக் காய்ச்சிய ஆணியைத் துளையில் செலுத்தி, மறுபுறத்தை அடித்துத் தலையாக்குவார்கள். ஆணி குளிரும்போது சுருங்கும். சுருங்கும்போது தகடுகளை ஒன்றோடொன்று நெரித்துப் பிடிக்கும். தகடுகளுக்கிடையே எழும் உராய்வும் பாரத்தைத் தாங்குவதில் பங்கு கொள்கிறது. வெப்பத்தால் விரிதல் என்று நாம் பள்ளியில் படித்த பாடம்தான் இங்கே இடுக்கியாக வேலை செய்கிறது.

பாலம் 1943 பிப்ரவரி 3 அன்று திறக்கப்பட்டது. ஜப்பானிய விமானங்கள் நகரின்மீது குண்டு வீசிச் சில வாரங்களே ஆகியிருந்தன. ஆகவே கொடியும் இல்லை, மேளமும் இல்லை. ஒரே ஒரு டிராம் வண்டி முதலில் கடந்து சென்றது. டிராம் 1993இல் நின்றுவிட்டது. ரவீந்திர சேது என்று 1965இல் பெயர் சூட்டியும், மக்கள் வாயில் அது ஹௌராப் பாலமே.

வெயிலும் வெற்றிலையும்

பாலம் அசையாதது என்று எண்ண வேண்டாம். எஃகு ஒரு பாகை வெப்பம் ஏறினால் தன் நீளத்தில் பத்து இலட்சத்தில் 12 பங்கு நீளும். மார்கழி விடியற்காலைக்கும் சித்திரை நண்பகலுக்கும் 26 பாகை வேறுபாடு என்று கொண்டால், 1,500 அடி எஃகு ஏறத்தாழ ஐந்தரை அங்குலம் நீள வேண்டும். நீள இடம் தராவிட்டால் உறுப்புகள் நெரிபடும். அதற்காகவே நடுப்பகுதி நெடுங்கைகளைச் சந்திக்கும் இடங்களில் விரிவு இணைப்புகள் வைத்துள்ளனர். அடுத்த முறை நடக்கும்போது காலடியில் பாருங்கள்.

இன்னொன்று. நாம் நடப்பது பாலத்தின் மேல் அன்று. பாலத்தில் கட்டிய ஊஞ்சலில்! 71 அடி அகலச் சாலையும் இருபுற நடைபாதைகளும் மேலேயுள்ள சட்டத்திலிருந்து 39 இணைத் தூக்குச் சட்டங்களால் தொங்குகின்றன. அச்சட்டங்களின் அடியில்தான் நடந்து செல்வோர் வெற்றிலை எச்சிலைத் துப்புகின்றனர். சுண்ணாம்பும் பாக்கும் கலந்த அந்த ஈரம் எஃகை அரிக்கிறது. 2011இல் துறைமுகத்தார் சோதித்தபோது, அடிப்பகுதியைக் காக்கும் எஃகுக் கவசங்கள் நான்கே ஆண்டில் 6 மில்லிமீட்டரிலிருந்து 3 மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தேய்ந்திருந்தன. பின்னர்க் கண்ணாடி இழைக் கவசங்கள் போட நேர்ந்தது. போரிலும் புயலிலும் தப்பிய எஃகை எச்சில் தின்கிறது. நம் நண்பர்களிலும் வெற்றிலைப் பிரியர் உண்டு. அவர்களுக்கு இது என் வேண்டுகோள்.

தந்தையாரின் திருத்தம்

இக்கட்டுரையை மலர்க்குழுவிடம் கொடுக்குமுன், தொலைபேசியில் தந்தையாருக்கு முழுதும் படித்துக் காட்டினேன். இடையில் ஒருமுறை நிறுத்தச் சொன்னார். "ரிவிட்டைப் பத்தி எழுதினியே, அடிச்சதும் வேலை முடிஞ்சிடாது. ஒரு பக்கம் விரலை வச்சுக்கிட்டு மறுபக்கம் சின்னச் சுத்தியாலே தட்டிப் பாக்கணும். பிடிச்சிருந்தா கணீர்னு கேக்கும். தளர்ந்திருந்தா விரல்லே அதிர்வு தெரியும். அதையும் எழுது" என்றார். எழுதிவிட்டேன். எந்தப் புத்தகத்தையும் விட அவர் விரல் இதில் எனக்கு நல்ல சான்று.

படித்து முடித்ததும் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பின்னர், "அப்படின்னா அது தூண்மேலே நின்னாலும், விழாமப் பிடிச்சிருக்கிறது ரெண்டு கரையிலேயும் மண்ணுக்குள்ளே இருக்கிற பிடிதான். அப்படித்தானே தம்பி?" என்றார்.

அப்படித்தான். நான் பல பக்கங்களில் எழுதியதை அவர் ஒரு மூச்சில் சொல்லிவிட்டார். அன்று அவர் சொன்ன "சரிதான்" வேறு. இன்றைய கேள்வி வேறு. விளங்கியவரே இப்படிக் கேட்க முடியும்.

நண்பர்களே, நாம் ஒவ்வொருவரும் ஒரு துறையைப் படிக்கிறோம். அதை வேற்றுமொழியில் தேர்வில் எழுதித் தேறியும் விடுகிறோம். அதனை வீட்டிலுள்ள ஒருவர்க்குத் தமிழில் சொல்லிப் பாருங்கள். எங்கே நா தடுமாறுகிறதோ, அங்கே நமக்கே விளங்கவில்லை என்று பொருள். ரசாயனம் படிப்போரும் தாவர நூல் படிப்போரும் பொருளாதாரம் படிப்போரும் அடுத்த மலருக்கு ஆளுக்கொன்று இவ்வாறு எழுத முன்வர வேண்டும். விடுமுறை முடிந்து வண்டியிலிருந்து ஹௌராவில் இறங்கும்போது, உயர்ந்த கோபுரத்தை மட்டும் பார்த்துவிட்டு நகர வேண்டாம். நங்கூரக் கை தாழ்ந்து கரையைத் தொடும் இடத்தையும் ஒரு நிமிடம் நின்று பாருங்கள்.